ஒரு ரிங் என்றால் நலம்

நான் உருவாக்குகிற வீடியோ கேம்களில் ஒரு வார்த்தைகூட இருக்காது. தொடக்கத்தில் பெயர் வராது, நடுவில் யாரும் பேச மாட்டார்கள், முடிவில் நன்றி வணக்கமும் கிடையாது. இதைத் திண்டுக்கல்லில் யாருக்காவது விளக்கிச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஜெய்தூன் பீவி பத்து வருடமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்.

"பேச்சும் இல்ல, பாட்டும் இல்ல, சண்டையும் இல்லங்கிற. அப்புறம் அதுல என்னதாம்மா இருக்கு?"

முதலில் எல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னேன். இப்போது "ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிடுகிறேன். அவரும் "நெசந்தான்" என்கிறார்.

வெளிநாட்டில் கதை வேறு. அங்கே பிரிஸ்கில்லா ஞானதாஸ் என்றால் தெரியும். குறைவாகச் சொல்லி அழவைக்கிறவள் என்று எழுதுகிறார்கள். பேட்டி கேட்டு வருகிறவர்களிடம் எல்லாம் நான் சொல்லுகிற பதில் ஒன்று உண்டு: "நான் சொல்லாமல் விட்டுவிடுவேன். மிச்சத்தை விளையாடுகிறவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்." இதை எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

இந்த வித்தையை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. எங்கள் வீட்டு மிஸ்டு காலிலிருந்து எடுத்தது. நான் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் ஃபோனில் பேசுவது பெரிய செலவு. அம்மா செபஸ்தியம்மாள் அதற்கு ஒரு சட்டம் போட்டாள். ஒரு ரிங் அடித்துக் கட் பண்ணினால் நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் கிளம்பி வா. மூன்று ரிங்குக்கு அம்மா சட்டம் எழுதவில்லை. அப்படி ஒரு அவசரம் வராது என்று நினைத்தாளோ என்னவோ. ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: என்ன ஆனாலும் ஃபோனை எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போய்விடும். அதற்குப் பிறகு பேச்சு இலவசமாகிவிட்டது, சிம் கார்டை ரோட்டில் குடை விரித்து உட்கார்ந்து விற்றார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சட்டம் மாறவில்லை. பதினெட்டு வருடம் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா ஒரு ரிங் அடிப்பாள். நான் திருப்பி ஒரு ரிங் அடிப்பேன். அதோடு அன்றைய நாள் முடிந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். அப்போது நான் ஒரு பரிசு வாங்குவதற்காகக் கடல் கடந்து போயிருந்தேன். இரண்டு விமானம் மாறி, மதுரையிலிருந்து கார் பிடித்து அகரத்துக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்து உறவினர்கள் எல்லாம் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா சொன்னார்: "இவ அம்மா உசிரு போறப்ப இவ பொம்மை விளையாட்டுக்குப் பரிசு வாங்கிட்டு நிக்கிறா." அத்தனை பேர் முன்னால் சொன்னார். கையில் இருந்த சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு நானும் சொன்னேன்: "இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்க."

அப்பா ஞானதாஸ் சார் முப்பத்து நான்கு வருடம் தமிழ் வாத்தியார். கட்டளை என்றால் கட்டளைதான் அவருக்கு. அன்றைக்கு வாயை மூடினவர்தான். ஆனால் மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு என் ஃபோன் ஒரு தடவை அடித்து நின்றது. அம்மாவின் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நானும் ஒரு ரிங் அடித்து வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் என்னிடம் பேச வேண்டும். ஒரு வார்த்தை போதும், திட்டினாலும் சரி. ஆனால் முதலில் அவர்தான் பேச வேண்டும், நான் பேச மாட்டேன். வீம்பில் நான் அவருக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

நான் தனியாக இருக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. காலையில் முக்குக் கடையில் நாலு இட்லி, மதியம் ஒரு பார்சல் சாப்பாடு, நடுவில் திரை. சில நாள் காலையிலிருந்து பேசியது கடைக்காரரிடம் "சட்னி தனியா கட்டுங்க" என்பது மட்டுமாக இருக்கும். ஆறு ஐம்பதுக்கு வேலையை நிறுத்திவிட்டு முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு ஃபோனை எதிரில் வைத்து உட்காருவேன். ஒரு ரிங்குக்கு எதற்குத் தலைவாரல் என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. அது வராவிட்டால் அன்றைக்கு என்னை யாரும் நினைக்கவில்லை என்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலங்களை வைத்துத்தான் என் கடைசி கேமைச் செய்தேன். ஒரு பெரிய பொட்டல் வெளி. இந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு, அதில் நீங்கள் இருக்கிறீர்கள். வெகுதூரத்தில் இன்னொரு வீடு. இங்கே சுவரில் ஒரு மணிக்கயிறு தொங்கும். இழுத்தால் மணி அடிக்கும். தினமும் ஒரு தடவை அந்த வீட்டிலிருந்தும் மணி அடிக்கும். அங்கே ஆள் தெரியாது, விளக்கு எரியாது, கதவு திறக்காது. மணிச் சத்தம் மட்டும் வரும். மழை வரும், வெயில் வரும், உங்கள் வீட்டுச் சுவரில் காரை உதிரும். மூன்று மணி நேரம் இவ்வளவுதான். இதற்கு நான் பெயர்கூட வைக்கவில்லை, ஒரு மணியின் படம் மட்டும் போட்டேன். வாங்கினார்கள், அழுதார்கள், கடிதம் எழுதினார்கள்.

அதைச் செய்துகொண்டிருந்த நாட்களில் அப்பாவின் ரிங்கில் ஒரு மாற்றம் வந்தது. ஒரு சாயங்காலம் இரண்டு தடவை அடித்தது. இரண்டு என்றால் கிளம்பி வா. பதறியடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அகரத்துக்கு ஓடினேன். அப்பா தோட்டத்துக் கதவு பக்கத்தில் நல்ல திடமாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கண்ணை விரித்தார். "என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?" என்று கத்தினேன்.  என் முகத்தையே பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். உள்ளே போய் உரித்த தேங்காய் இரண்டை எடுத்துவந்து ஆட்டோ சீட்டில் வைத்தார். எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு தூரம் ஓடிவந்தவளிடம் ஒரு "ஒண்ணுமில்ல" சொல்லக் கூடாதா? தேங்காயோடு வந்த வழியே திரும்பினேன்.

அதற்குப் பிறகும் ரிங் கூடிக்கொண்டே போனது. இரண்டு, மூன்று, சில நாள் ஐந்து. வயதாகிவிட்டது, கட்டைவிரல் சொன்னபடி கேட்கவில்லை, கட் பண்ணத் தாமதமாகிறது என்று நானே முடிவு செய்தேன். ஓடுவதை நிறுத்தினேன். ஆனால் கேமில் அதை விடவில்லை. தூரத்து வீட்டின் மணியும் நாளாக ஆக நீண்டுகொண்டே போகும்படி செய்தேன். கேட்க நன்றாக இருந்தது, வேறு காரணம் இல்லை. கேம் வெளிவந்ததும் எல்லோரும் எடுத்து எழுதியது அந்த இடத்தைத்தான். நீளும் அந்த மணி ஏன் நெஞ்சைப் பிசைகிறது என்று ஒருவர் நாலு பக்கம் எழுதினார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி நான் பேட்டியில் தலையாட்டினேன்.

அப்பாவைப் பார்க்க வருடத்துக்கு இரண்டு தடவை போவேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, கல்லறைத் திருநாளுக்கு ஒரு முறை. திண்டுக்கல்லிலிருந்து அகரத்துக்கு டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். பெண்களுக்கு டிக்கெட்கூட இல்லை. அப்படியும் இரண்டு தடவைதான் போனேன். போன கல்லறைத் திருநாளுக்கு அம்மாவின் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "பூ வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். வீம்பை விட்டு நானாகத்தான் கேட்டேன். அவர் திரும்பவில்லை. முன்னால் போய் நின்று, "உங்களத்தான் கேக்குறேன், பூ வாங்கட்டுமா?" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து கல்லைத் தேய்த்தார். நானும் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இவரோடு இனி ஆகாது என்று தாடிக்கொம்பு வரும்வரை அழுதேன்.

இந்தச் சமயத்தில்தான் டோனி ஃபோன் செய்தான். டோனி பெங்களூரில் இருக்கிறான், என் கேம்களை விற்றுக்கொடுப்பது அவன் வேலை. போலந்திலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதியிருக்கிறாள் என்று படித்துக் காட்டினான். அவளுக்குக் காது கேட்காது. மூன்று மணி நேரம் ஒரு வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன், ஒன்றுமே நடக்கவில்லை, எல்லோரும் ஏன் அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, மணி அடிக்கும்போது திரையில் ஒரு வரி எழுத்துப் போட முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"அரை நாள் வேலை பிரிஸ்கில்லா. ஒரே ஒரு வரி," என்றான் டோனி.

"ஒரு வார்த்தை போட்டாலும் அது என் கேம் இல்ல."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு என்னன்னு பதில் எழுதட்டும்?"

"அந்த வெறுமையும் கதைதான்னு எழுது."

டோனி "நீயே எழுதிக்க" என்று ஃபோனை வைத்துவிட்டான். நான் எழுதவும் இல்லை.

அதற்கு மறுவாரம் ஒரு திங்கள்கிழமை, ஏழு மணிக்கு ஃபோன் அடிக்கவில்லை. ஏழே கால், ஏழரை. சார்ஜ் போட மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கத்துக்கு மாறாக நானே முதலில் அழைத்துப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப். செவ்வாய்க்கிழமையும் அடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு. இருக்கிற ஒரே ரிங்கையும் நிறுத்திவிட்டார், போதும் என்று தலை முழுகிவிட்டார் என்று ஒரு மனசு சொன்னது. விழுந்து கிடக்கிறாரோ என்று இன்னொரு மனசு. புதன்கிழமை மதியம், பார்த்துக்கொண்டிருந்த வேலையை அப்படியே மூடி, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எதற்கு லேப்டாப் என்றால், அந்தக் கேமை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம். என்னால் வாயால் சொல்ல முடியாததை அது சொல்லும் என்று நினைத்தேன். அவருக்காகச் செய்ததுதானே அது.

அப்பா தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டி நின்றார். மண்வெட்டி, மடித்துக்கட்டிய வேட்டி, திடமான ஆள். உயிர் வந்தது எனக்கு, வந்த உடனே கோபமும் வந்தது. "அப்பா!" என்றேன். திரும்பவில்லை. "அப்பா, ரெண்டு நாளா எதுக்கு ஃபோன் அடிக்கல? என்னைய என்னன்னு நெனச்சீங்க?" என்று தோட்டமே அதிரக் கத்தினேன். மனுசர் பாத்தியைத் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறார்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து ஒச்சாயி முருங்கைக்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு ஒரு வேளை குழம்பு வைத்துத் தருகிறவர் அவர்தான்.

"ஏத்தா, இப்பத்தேன் வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்றார். "எதுக்குத் தொண்டையப் பிடிச்சுக்கிட்டுக் கத்துற? அந்த மனுசனுக்கு என்ன கேக்கவா போகுது?"

"இன்னும் கோவமா இருக்காரா?"

"கோவமா? காதுத்தா! காது போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு காய்ச்ச வந்துச்சு, அதோட போச்சு. மிசினு வாங்கி மாட்டிப் பாத்தாக, இரையுதுன்னு கழட்டி வச்சுட்டாக. உனக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியாது.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாரு வாத்தியாரு. ஊருக்குத்தேன் சொல்லலைன்னு நெனச்சேன். பெத்த பிள்ளைக்குமா சொல்லல?" ஒச்சாயி வேலிக்கு அருகில் வந்தார். "போனு மாட்டுக் கழனித் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு. நாந்தேன் அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருக்கேன். ரெண்டு நாளா பொழுது சாயயில பஸ் ஸ்டாப்புல போயி உக்காந்துட்டு வாராரு. 'போனு அடிக்கலேன்னா எம்மக பதறிட்டு வந்துருவா ஒச்சாயி'ன்னாரு. முந்தாநேத்து வரல. நேத்தும் வரல."

 பையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார். மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தார். சைகையில் பேசலாமா என்று கையைத் தூக்கி, கீழே இறக்கிவிட்டு, நான் போட்ட கட்டளையை மீறிச் சொன்னார்.

"வந்துட்டியா."

நான்கு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. குரல் அடையாளமே தெரியவில்லை. அவருடைய குரல் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை எழுப்பும். இது முணுமுணுப்பாக வந்தது. கத்திப் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் குரலை இவ்வளவுக்கு இறக்கி வைத்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு நீள நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். ஒரு பேனா நூலில் கட்டித் தொங்கியது. யாருக்கு அவரிடம் என்ன சொல்ல வேண்டுமோ, அதில் எழுத வேண்டும். புரட்டினேன். உரக்கடைக்காரர் எழுதியிருந்தார், டாக்டர் எழுதியிருந்தார், பங்குச் சாமியார் எழுதியிருந்தார், பஸ் கண்டக்டர்கூட ஒரு வரி எழுதியிருந்தார். ஊரில் பாதிப் பேர் கையெழுத்து இருந்தது. என் கையெழுத்து இல்லை.

"ஏன் எனக்குச் சொல்லலை?" என்று எழுதினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "நீ பேசாதன்னு சொன்ன. சரின்னு இருந்தேன். அப்புறம் காது போச்சு. இதப் போயி எப்புடிச் சொல்றது? வாத்தியாருக்குக் காது செவிடுன்னா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?" என்னைப் பார்க்காமல் மேலும் சொன்னார்: "நீ வருவ. எம் முன்னாடி நின்னு வாய அசைப்ப. மூஞ்சி சிவந்து கெடக்கும். அம்மா கல்லறைகிட்ட நின்னுக்கூட அம்புட்டு வஞ்ச. சரி, வையட்டும், எம்மேல தப்பு இருக்குல்லன்னு குனிஞ்சுக்கிட்டேன்."

நோட்டில் எழுதினேன்: "அன்னிக்கு நான் வையல. பூ வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன்."

அதை அவர் இரண்டு தடவை படித்தார். விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தார். "பூவா," என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

நான் விட்டதை அவர் நிரப்பியிருக்கிறார், அவர் விட்டதை நான் நிரப்பியிருக்கிறேன். இரண்டு பேரும் வசவால் நிரப்பியிருக்கிறோம். இதைத்தான் நான் ஊர் ஊராகப் போய்க் கலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "பையில என்ன, உன் வேலையா? காட்டேன்" என்றார். நான்கு வருடத்துக்கு முன்னால் பொம்மை விளையாட்டு என்றவர். லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் கயிற்றை இழுக்கும் என்று காட்டினேன். பரீட்சை விடைத்தாள் திருத்துகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு விரலை அந்தப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

தூரத்து வீட்டிலிருந்து மணி அடித்தது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக. உலகம் முழுவதும் ஆட்கள் அழுத இடம். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

பத்து நிமிடம், கால் மணி நேரம். என் மனசு நோகக் கூடாது என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தயங்கிக் கேட்டார். "இதுல ஒண்ணுமே நடக்கலையேம்மா. நாந்தான் ஏதும் தப்பா அமுக்குறேனா?"

போலந்துப் பெண்ணின் கடிதம் அப்படியே நினைவுக்கு வந்தது. இந்த உலகத்தில் யாருக்காக அதைச் செய்தேனோ, அந்த ஒரு ஆளுக்கு அது கேட்காது. வெறுமையும் கதையாம்! இரண்டு வருடம் அந்த வெறுமைக்குள்தான் அவர் குடியிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது எனக்கு. எழுந்து வெளியே ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைத் தொட்டார். "இந்த வீட்டுல நீ இருக்க, சரி. அந்தா தெரியுதே, அந்த வீட்டுல யாரு?"

நோட்டில் எழுதினேன்: "நீங்கதான்."

"நானா?" திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தெரிகிற வீடு. "நான் எதுக்கு இம்புட்டுத் தூரத்துல இருக்கேன்?"

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் கேள்வியை எந்தப் பேட்டியிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.  அழுகைதான் வந்தது. அவர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "செத்த இரு, காப்பி போட்டுத் தாரேன்" என்று எழுந்து போனார்.

அவர் அடுப்படியில் இருந்தபோது டோனிக்குச் செய்தி அனுப்பினேன். மணி அடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் எழுத்துப் போடலாம், அந்தப் பெண்ணின் முகவரி அனுப்பு, பதிலை நானே எழுதுகிறேன் என்று. "யாருடா இது, பிரிஸ்கில்லா ஃபோன்ல இருந்து?" என்று பதில் வந்தது.

ஒச்சாயி ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தார். அரிசிமணி ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுச் சார்ஜ் போட்டேன். பழைய பட்டன் ஃபோன், சாகாத ஜாதி, உயிர் வந்துவிட்டது. இருட்டத் தொடங்கியது. ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது, ஆனால் அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு மூவேளை ஜெபம் சொன்னார். சொல்லி முடித்ததும் சார்ஜிலிருந்து ஃபோனைப் பிடுங்கி எனக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். பழக்கம். நான் இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பது அவர் நினைப்பிலேயே இல்லை.

என் ஃபோன் மேசை மேல் அடித்தது. ஒரு ரிங். அவர் காதில் வைக்கவில்லை. ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்துத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு. மூன்று. கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் மேல் தயாராக இருந்தது. நடுக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை. கட் பண்ணத் தெரியாத விரல் இல்லை அது. நான்கு. எதற்காகவோ காத்திருக்கிறார்.

அம்மாவின் சட்டத்தை இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக மீறினேன். ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன்.

அவருடைய ஃபோன் திரையில் விநாடிகள் ஓடத் தொடங்கின. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓடுது," என்றார். "ஓடுது பிரிசி! தெனமும் ஓடும் ஓடும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ஓடவே ஓடாது. நீயா எடுத்தீன்னா, நீ பேசாதன்னு சொன்னத நான் மீறுனதா ஆகாதுல்ல? எனக்குக் கேக்காட்டி என்ன, உனக்குக் கேக்கும்ல. நாம்பாட்டுக்குச் சொல்லிறலாம்னு இருந்தேன்."

இதையெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஃபோனைப் பார்த்துச் சொன்னார். கண் அந்த எண்களை விட்டு நகரவில்லை, நின்றுவிடும் என்ற பயம்போல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தார்.

"பிரிசி, அப்பா பேசுறேன். அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் அப்புடிச் சொன்னது தப்புத்தான். மனசுல வச்சுக்காத. அம்மா இல்லாம வீடு நல்லாவே இல்ல. ஒருதடவ வந்துட்டுப் போம்மா."

இரண்டு அடி தூரத்தில், அவருக்கு நேர் எதிரில், ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே குரல் முன்னாலிருந்து ஒரு தடவையும் ஃபோனிலிருந்து ஒரு தடவையுமாக வந்தது.

"வாரேன்ப்பா," என்றேன்.

அவர் இன்னும் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோனை வைக்காமல், இன்னொரு கையால் நோட்டை இழுத்து அதையே பெரிய எழுத்தில் எழுதி அவர் கண்ணுக்கும் ஃபோனுக்கும் நடுவில் நீட்டினேன்.